புழல் கேட்டுக்கு வெளியே முதல் 30 நாள்: வேலைக்கு வழிகாட்டும் சேவைகள் எப்படி இருக்கின்றன?

வடசென்னையில் ஆள் தேடாத பட்டறை இல்லை. செங்குன்றம் அரிசி ஆலையில் மூட்டை தூக்க ஆள் வேண்டும். மாதவரம் லாரி ஷெட்டில் கிரீஸ் போடவும் டயர் கழற்றவும் ஆள் வேண்டும். அம்பத்தூரில் வெல்டர் கிடைக்காமல் ஆர்டரைத் திருப்பி அனுப்புகிறார்கள். ஓட்டல்களில் பரோட்டா மாஸ்டர் இன்று இருப்பார், நாளை இருக்கமாட்டார். புழல் மத்திய சிறையில் இருந்து வெளியே வருபவர்களில் இந்த வேலைகளில் ஏதோ ஒன்றைத் தெரிந்தவர்கள் ஏராளம். இருந்தும் இரண்டாம் மாதம் போய்ப் பார்த்தால் ஆள் வீட்டில் இருக்கிறார், அல்லது பழைய கூட்டாளிகளோடு இருக்கிறார்.

வேலை கைநழுவுவது பெரும்பாலும் மூன்று சாதாரண விஷயங்களில்: செத்துப்போன ஒரு சிம் கார்டு, காலை 10.30 மணிக் கையெழுத்து, போலீஸ் சரிபார்ப்பு அறிக்கையில் வரும் ஒரு வரி. சென்னையில் இருக்கும் உதவிகளை இந்த மூன்றையும் வைத்தே இங்கே எடைபோடுகிறோம். எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தார்கள், மேடையில் யார் சான்றிதழ் வழங்கினார்கள் என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை. கேட் திறப்பதற்கு முன்பே உதவி தொடங்குகிறதா, கேட் மூடிய பிறகும் தொடர்கிறதா என்பதே எங்கள் கேள்வி.

ஃப்ரீடம் பங்க்

சிறைத்துறையும் இந்தியன் ஆயிலும் சேர்ந்து நடத்தும் 'ஃப்ரீடம்' பெட்ரோல் பங்க்குகளைப் புழல் பக்கம் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். 2023 ஆகஸ்டில் பெண் சிறைவாசிகளே வேலை செய்யும் பங்க்கும் அங்கே திறக்கப்பட்டது. சிறையில் தயாராகும் பொருட்களை விற்கும் 'பிரிசன் பஜார்' கடையும் உண்டு. பெட்ரோல் போடும் இடமாக மட்டும் பார்த்தால் இது மற்ற பங்க் போலத்தான். வேலை கற்றுக்கொள்ளும் இடமாகப் பார்த்தால் சிறைத்துறையிடம் உள்ளவற்றில் இதையே முதலிடத்தில் வைப்போம்.

நாஸிலைப் பிடித்து எண்ணெய் ஊற்றுவது அங்கே நடக்கும் வேலையில் கால்வாசிதான். காலையில் டேங்கில் கம்பி விட்டு 'டிப்' எடுக்க வேண்டும். அடர்த்தி பார்த்து எழுத வேண்டும். 5 லிட்டர் அளவுக் குவளையில் பிடித்து அளவு சரிதானா என்று சோதிக்க வேண்டும். 5 லிட்டருக்கு 25 மில்லிக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது. ஷிப்ட் முடியும்போது பம்ப்பின் மீட்டர் கணக்கும், கையில் உள்ள ரொக்கமும், கார்டு மற்றும் யுபிஐ ரசீதுகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். வண்டிக்காரர் "ஜீரோ காட்டு" என்று அதட்டினால் பொறுமையாகக் காட்ட வேண்டும். நூற்றுக்கணக்கான அந்நியர்களை ஒரே நாளில் எதிர்கொண்டு, அவர்கள் காசைக் கையில் வாங்கி, கணக்கை நேர் செய்தவர் என்பதைவிட ஒரு முதலாளிக்கு என்ன நம்பிக்கை வேண்டும்? தச்சு, தையல், பேக்கரி எல்லாம் கைக்குப் பழக்கம் தருகின்றன. பங்க் மனிதர்களோடு பழகும் பழக்கத்தைத் திருப்பித் தருகிறது. பல வருடம் உள்ளே இருந்தவருக்கு அதுதான் முதலில் மறந்துபோகும்.

குறை எங்கே என்றால், அங்கே நிற்பவர்கள் தண்டனை அனுபவித்துக்கொண்டிருப்பவர்கள். தண்டனை முடிந்தால் அந்த வேலையும் முடிந்தது. ஆகவே இதை அனுபவம் என்றுதான் சொல்ல முடியும், வேலைவாய்ப்பு என்று சொல்ல முடியாது. தெலங்கானாவில் சிறைத்துறை பங்க்குகளில் விடுதலையானவர்களையும் சம்பளத்துக்கு எடுத்திருக்கிறார்கள். டெல்லி திகார் சிறையில் 2011-லேயே நிறுவனங்களை உள்ளே அழைத்து, கல்லூரிகளில் நடப்பதுபோல் வளாக நேர்காணல் நடத்தினார்கள். புழலில் பங்க் ஓட்டும் திறமை இருக்கும்போது இது இங்கே எட்டாத காரியம் அல்ல.

பங்க்கில் வேலை செய்தவர் விடுதலைக்கு முன்பு கேட்டு வாங்க வேண்டியது ஒரு கடிதம். எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, என்ன பணி, ரொக்கம் கையாண்டாரா, கணக்கில் குறை உண்டா, இந்த நான்கும் அதில் இருக்கட்டும். "நன்னடத்தையுடன் பணிபுரிந்தார்" என்று மட்டும் எழுதிய கடிதத்தால் பயனில்லை. வெளியே உள்ள பங்க் மேனேஜர் தேடுவது 'கேஷ்' என்ற ஒரு சொல்லைத்தான்.

நன்னடத்தை அலுவலரும் உதவிச் சங்கமும்

சிறைத்துறையின் தலைமை அலுவலகம் எழும்பூர் காந்தி இர்வின் சாலையில், சி.எம்.டி.ஏ. வளாகத்தில் இருக்கிறது. அந்தத் துறைக்குக் கீழேயே நன்னடத்தை அலுவலர்கள் இருக்கிறார்கள். விடுதலையான சிறைவாசிகளுக்கு உதவ ஒரு சங்கமும் நெடுங்காலமாக இயங்குகிறது. சிறுதொழில் தொடங்க அதன் வழியாக நிதி உதவி கிடைக்கும். தையல் இயந்திரம், இஸ்திரி வண்டி, டிபன் கடை, பெட்டிக்கடை ஆகியவையே வழக்கமாகக் கேட்கப்படுபவை.

இந்த உதவி இருப்பதே பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் வெளியே வந்து, கைக்காசு எல்லாம் தீர்ந்த பிறகுதான் மனு எழுதுகிறார்கள். நன்னடத்தை அலுவலர் மேசையில் வேறு வேலைகளும் குவிந்திருக்கும். நீதிமன்றம் கேட்கும் விசாரணை அறிக்கை, விடுப்பு கேட்டவரின் வீட்டு விசாரணை, முன்விடுதலைக்கான அறிக்கை என்று ஒவ்வொன்றுக்கும் கெடு இருக்கும். கெடு இல்லாத உங்கள் மனு அடியில் போய்விடும். ஆகவே தண்டனை முடிய மூன்று மாதம் இருக்கும்போதே, உள்ளே இருந்தபடியே, சிறை நல அலுவலர் மூலம் மனு கொடுத்துவிட வேண்டும். அப்போது வீட்டு விசாரணை முடிந்திருக்கும். வெளியே வந்த கையோடு அடுத்த படிக்குப் போகலாம்.

மனுவில் "தொழில் தொடங்க உதவி வேண்டும்" என்று பொதுவாக எழுதாதீர்கள். எந்தத் தெருவில், எந்த நேரத்தில், யாருக்கு விற்கப் போகிறீர்கள் என்று நாலு வரி எழுதுங்கள். கடையில் வாங்கிய விலைப்புள்ளியை இணையுங்கள். விலைப்புள்ளியில் கடையின் ஜிஎஸ்டி எண்ணும் தேதியும் இருக்க வேண்டும். மனு நகர்வதற்குள் விலை ஏறியிருந்தால் புது விலைப்புள்ளி கேட்பார்கள், அதற்கும் தயாராக இருங்கள்.

தொழிலே படுத்துவிடுவதற்கு ஒரு காரணத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். இயந்திரத்துக்குப் பணம் வந்துவிடும், நூலுக்குப் பணம் இருக்காது. டிபன் வண்டி என்றால் ஸ்டீல் வண்டி, அடுப்பு, தோசைக்கல், 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டருக்கான டெபாசிட் வரை கணக்குப் போடுவார்கள். முதல் பத்து நாள் மாவு, எண்ணெய், சாம்பார்ச் சாமான், விற்காமல் வீணாகும் மாவு ஆகியவற்றை யாரும் எழுதுவதில்லை. அதற்குத் தண்டல்காரரிடம் போகிறார்கள். தினமும் வந்து வட்டியோடு வசூலிக்கும் கடன் அது. இரண்டு வாரத்தில் வண்டியே அவர் பெயருக்கு மாறிவிடும். கேட்கும் தொகையில் மூன்றில் ஒரு பங்கையாவது பத்து நாள் சரக்குக்கு ஒதுக்கித் திட்டம் எழுதுங்கள். வண்டி கொஞ்சம் பழையதாக இருந்தால் தோசை வேகாமலா போகும்?

எங்கள் கணிப்பில் கூலி வேலையோ சம்பள வேலையோ ஆறு மாதம் பார்த்துவிட்டு, பிறகு சொந்தத் தொழிலுக்கு இறங்குவது நல்லது. வெளியே வந்த முதல் மாதத்தில் பொருள் விலை தெரியாது, பழைய வாடிக்கையாளர்கள் இருக்கமாட்டார்கள், வீட்டிலும் கையிருப்பு இருக்காது.

சிம், ஆதார், வங்கி: வரிசை தப்பினால் ஒரு மாதம் போகும்

இந்த இடத்தில் உதவ அரசுத் துறை என்று தனியாக எதுவும் இல்லை. இ-சேவை மையம், வங்கி, அஞ்சலகம் என்று தாமாகவே அலைய வேண்டியதுதான். ஆனால் வரிசை தெரிந்தால் ஒரே வாரத்தில் முடித்துவிடலாம்.

90 நாள் பயன்படுத்தாத சிம்மைக் கம்பெனி ரத்து செய்துவிடலாம். அந்த எண் வேறொருவருக்குப் போயிருக்கவும் கூடும். ஆதாரோடும் வங்கியோடும் இணைந்திருந்தது அந்த எண்தான். வேலையில் சேர்ந்த அன்று மேனேஜர் "ஓடிபி வந்துச்சா பாருப்பா" என்று கேட்கும்போது அந்த ஓடிபி முன்பின் தெரியாத யாரோ ஒருவரின் போனில் விழுந்துகொண்டிருக்கும்.

முதலில் புது சிம். அதற்கு விரல் ரேகை போதும், பழைய எண்ணின் ஓடிபி தேவையில்லை. அன்றே ஆதார் மையத்துக்குப் போய்ப் புது எண்ணை இணையுங்கள். இதற்கு நேரில் போய்விடுவதே நல்லது. ஆவணம் எதுவும் வேண்டாம், ரேகை மட்டும் போதும். சிமென்ட், சலவை, செருப்பு வேலை பார்த்தவர்களுக்கு ரேகை தேய்ந்திருக்கும். இயந்திரம் ஏற்காவிட்டால் கருவிழி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எண் இணைந்த பிறகுதான் வங்கிக்குப் போக வேண்டும். இரண்டு வருடம் நீங்களாக எந்தப் பரிவர்த்தனையும் செய்யாத கணக்கை வங்கி செயலற்ற கணக்காக வைத்துவிடும். கணக்கு பறிபோய்விடாது. ஆதாரும் பான் கார்டும் புது எண்ணும் கொடுத்து கேஒய்சி புதுப்பித்தால் உயிர் பெற்றுவிடும். சம்பளம் போட முடியவில்லை என்று முதல் மாதமே தகராறு வருவது இந்தச் செயலற்ற கணக்கினால்தான்.

பிஎஃப் உள்ள வேலை என்றால் யுஏஎன் வேண்டும், வேலை மாறினாலும் மாறாத பிஎஃப் எண் அது. முன்பு எங்காவது வேலை பார்த்திருந்தால் பழைய யுஏஎன் இருக்கும், புதிதாக எடுக்கக் கூடாது. டிரைவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். லைசென்ஸ் காலாவதியாகி ஒரு வருடம் தாண்டிவிட்டால் வெறும் புதுப்பித்தல் போதாது, மறுபடி ஓட்டிக்காட்ட வேண்டும். இருபது வருடம் லாரி ஓட்டியவர்கூட எட்டுப் போட்டுக் காட்டத்தான் வேண்டும். அந்த நாட்களுக்கும் சேர்த்து மனசைத் தயார் செய்துகொள்ளுங்கள். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது. உள்ளே இருந்த காலத்தில் அது விட்டுப்போயிருந்தால் கிண்டியில் உள்ள அலுவலகத்தில் விசாரியுங்கள், விட்டுப்போனவர்களுக்கு அரசு அவ்வப்போது சலுகை அறிவிக்கும். தனியார் வேலைக்கு அந்தப் பதிவு மூப்பு தேவையில்லை. அரசின் தனியார் துறை வேலைவாய்ப்பு இணையதளத்தில் இலவசமாகப் பதிவு செய்யலாம்.

பதிவு செய்ய, வேலை வாங்கித் தர, 'வெரிஃபிகேஷன்' பார்க்க என்று யாராவது முன்பணம் கேட்டால் நடையைக் கட்டுங்கள். சிறை வாசலில் இருந்து வருபவரின் பயத்தைக் காசாக்குபவர்கள் இருக்கிறார்கள்.

காலை 10.30 மணி

நாட்டில் 2022 இறுதியில் சிறைகளில் இருந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் மூவர் விசாரணைக் கைதிகள். தண்டனை முடிந்து வருபவர்களைவிட ஜாமீனில் வருபவர்களே அதிகம். ஆனால் மறுவாழ்வு என்று பேசும்போது எல்லோர் மனத்திலும் தண்டனை முடித்தவரின் உருவம்தான் இருக்கிறது. ஜாமீன்காரருக்கு வேலை தேடித் தருவது யார் பொறுப்பிலும் சரியாக வருவதில்லை.

ஜாமீன் உத்தரவில் பெரும்பாலும் ஒரு வரி இருக்கும். மறு உத்தரவு வரும்வரை தினமும் காலை 10.30 மணிக்குக் குறிப்பிட்ட காவல் நிலையத்தில் கையொப்பமிட வேண்டும் என்பது அந்த வரி. 'கண்டிஷன் கையெழுத்து' என்பார்கள். இந்த ஒரு வரி ஒரு ஆளின் நாளை இரண்டாக வெட்டிவிடுகிறது. கட்டட வேலைக்கு மேஸ்திரி காலை ஏழரைக்கே ஆளைப் பிரித்து அனுப்பிவிடுவார். அம்பத்தூரில் முதல் ஷிப்ட் ஆறு மணிக்குத் தொடங்கிவிடும், பொது ஷிப்ட்டும் ஒன்பதுக்குள். ஓட்டலில் பத்தரை என்றால் மதியச் சாப்பாட்டுக்குக் காய் நறுக்கி முடிய வேண்டிய நேரம். நிலையத்தில் கையெழுத்து வாங்கும் ஏட்டு பந்தோபஸ்துக்குப் போயிருந்தால் பன்னிரண்டு வரை பெஞ்சில் உட்கார வேண்டும். கையெழுத்தை விட்டால் ஜாமீன் ரத்தாகும், கையெழுத்துக்குப் போனால் வேலை போகும்.

இதற்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது, கேட்பவர்கள்தான் குறைவு. ஜாமீன் கொடுத்த அதே நீதிமன்றத்தில் நிபந்தனைத் தளர்வு மனு போடலாம். சில வாரம் தவறாமல் கையெழுத்துப் போட்டதைக் காட்டிவிட்டு மனு போட்டால் எடை கூடும். ஆகவே கையெழுத்துப் போடும் ஒவ்வொரு நாளையும் தேதியோடு தனி நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வேலை கொடுப்பவரிடம் லெட்டர்பேடில் ஒரு கடிதம் வாங்குங்கள்: வேலை நேரம், வார விடுமுறை எந்தக் கிழமை, இடம் எங்கே. மனுவில் "முழுவதும் நீக்குங்கள்" என்று மட்டும் கேட்காமல், முடியாவிட்டால் வாரம் ஒரு நாள், அதுவும் விடுமுறை நாளில், அல்லது மாலை ஆறு மணிக்கு என்று மாற்றும் கேளுங்கள். முழுவதும் நீக்க நீதிபதி மறுத்தாலும் பாதியாவது கிடைக்கலாம்.

வக்கீல் கட்டணத்துக்கு வழியில்லை என்றால் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டால் வழி சொல்வார்கள். இந்த மதிப்பீட்டில் நாங்கள் மனம் நிறைந்து பரிந்துரைக்கும் சேவை இதுதான். இலவசம் என்பதால் தரமில்லை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். நிபந்தனைத் தளர்வு போன்ற நேரடியான மனுவுக்கு இது தாராளமாகப் போதும். என்ன வேண்டும் என்று தெளிவாகச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். "ஜாமீன் விஷயமா வந்தேன்" என்று நின்றால் அலைச்சல்தான். "இந்த கேஸ் நம்பர், இந்த கோர்ட், நிபந்தனைத் தளர்வு மனு போடணும், கம்பெனி கடிதம் கையில இருக்கு" என்று நின்றால் வேலை நகரும்.

இன்னொன்றையும் அங்கேயே கேட்டுவிடுங்கள்: வேறு ஏதாவது வழக்கில் வாரண்ட் நிலுவையில் இருக்கிறதா? மறந்துபோன ஒரு பழைய அடிதடி வழக்கின் வாய்தாவுக்குப் போகாததால் பிடிவாரண்ட் பிறந்திருக்கும். வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம் பட்டறை வாசலில் ஜீப் வந்து நின்றால் முதலாளி இன்னொரு முறை இப்படி ஒருவரைச் சேர்க்கமாட்டார். இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயர் போட்டுத் தேடினால் பெரும்பாலானவை தெரிந்துவிடும். தாமாகவே போய் வாரண்டை ரத்து செய்துகொள்வது பிடிபட்டுப் போவதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

போலீஸ் சரிபார்ப்பு

தமிழ்நாடு காவல்துறை ஆன்லைனில் நடத்தும் சரிபார்ப்புச் சேவையில் கட்டணம் கட்டி, தனிநபர் தன்னைப் பற்றியும், நிறுவனம் தன் ஊழியரைப் பற்றியும் அறிக்கை கேட்கலாம். சேவை என்ற அளவில் எளிது. ஆனால் அறிக்கையில் வழக்கு இருக்கிறது என்று வருவதை மேனேஜர் எப்படிப் படிக்கிறார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வழக்குப் பதிவானது, விசாரணை நடப்பது, விடுதலையானது, தண்டனை பெற்றது எல்லாமே அவர் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிகின்றன. டெலிவரி கம்பெனிகள் பின்னணி பார்க்க வெளி ஆட்களை வைத்து நீதிமன்றப் பதிவுகளில் பெயர் தேடும்போதும் இதே கதைதான். பெயரும் அப்பா பெயரும் ஒத்துப்போனால் வேறொருவரின் வழக்குகூட ஒட்டிக்கொள்ளும்.

அதனால் தீர்ப்பின் சான்றிட்ட நகல் கையில் இருக்க வேண்டும். விடுதலையானவர் என்றால் அது கட்டாயம். நீதிமன்ற நகல் பிரிவில் மனு போட்டு வாங்கி, நாலு ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். ஆளும் பேப்பரும் சேர்ந்து முதலிலேயே போனால் ஒரு மாதிரி. அறிக்கை வந்த பிறகு விளக்கம் சொல்லப் போனால் வேறு மாதிரி.

படிவத்தில் என்ன எழுதுவது என்பதில் துல்லியம் வேண்டும். "தண்டனை பெற்றவரா?" என்ற கேள்வி வேறு, "வழக்கு நிலுவையில் உள்ளதா?" என்ற கேள்வி வேறு. குண்டர் சட்டம் என்று நாம் சொல்லும் 1982-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டம் 14-இல் உள்ளே இருந்தவர் தண்டனை பெற்றவர் ஆகமாட்டார். அது தடுப்புக் காவல். முதல் கேள்விக்கு "இல்லை" என்று எழுதுவது அவருக்குப் பொய்யாகாது. ஆனால் அதற்கு அடிப்படையான வழக்குகள் நிலுவையில் இருந்தால் இரண்டாவது கேள்விக்கு "ஆம்" என்றுதான் எழுத வேண்டும். 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டப்படி சிறைக்கு அனுப்பாமல் விடுவிக்கப்பட்டவருக்கு, அந்தச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு தண்டனையால் வரும் தகுதியிழப்பை நீக்குகிறது. சிறார் நீதிச் சட்டத்தின் 24-ஆம் பிரிவும் அப்படியே. 16 வயதைக் கடந்து, பெரியவர்போல் விசாரிக்கப்பட்டவர்களுக்கு மட்டும் அது பொருந்தாது. இந்த இரண்டு பிரிவுகளையும் தெரிந்துவைத்திருக்கும் மேனேஜர்கள் மிகக் குறைவு, அச்செடுத்துக் கொண்டுபோங்கள்.

மறைப்பது மட்டும் வேண்டாம். அவதார் சிங் வழக்கில் 2016-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம், கேட்ட கேள்விக்கு உண்மையை எழுத வேண்டும் என்பதுதான். சிறிய குற்றமாக இருந்தால், மறைத்ததையே வேலை கொடுப்பவர் மன்னிக்க இடமுண்டு என்றும் அது சொன்னது. அரசு வேலை தொடர்பான தீர்ப்பு அது. நடைமுறையில் தனியாரிடமும் வேலை போவது பழைய வழக்கால் அல்ல, அதை மறைத்ததால்தான் என்பது அடிக்கடி நடக்கிறது.

எல்லாக் கதவும் திறக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தண்டனை பெற்றவரை செக்யூரிட்டி கார்டாக வைக்கக் கூடாது என்று 2005-ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைச் சட்டமே சொல்கிறது. ஆனால் புழலில் இருந்து வருபவரிடம் முதலில் "வாட்ச்மேன் வேலை இருக்கு" என்றுதான் தரகர் சொல்வார். சேர்ந்த பிறகு சரிபார்ப்பில் ஆள் நின்றுபோவார், ஒரு மாதச் சம்பளம் பாக்கி நிற்கும். அதற்குப் பதில் ஃபேப்ரிகேஷன், லேத், பேக்கரி, கார்மென்ட், ஓட்டல் சமையல்கூடம் ஆகியவற்றைப் பாருங்கள். இந்த இடங்களில் கை பேசும், காகிதம் அவ்வளவாகப் பேசாது. ஓட்டலில் தங்க இடமும் மூன்று வேளைச் சாப்பாடும் சேர்ந்து வருவதால், வீட்டில் சேர்க்காதவர்களுக்கு அது இரட்டை உதவி. பழைய ஏரியாவில் இருந்து தள்ளி இருக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கும் அதுவே நல்லது. வியாசர்பாடிக்காரர் வேளச்சேரி ஓட்டலில் சேர்ந்தால் பழைய பகையும் பழைய நட்பும் இரண்டுமே பஸ் ஏறித்தான் வர வேண்டும்.

பெண்களின் நிலை வேறு. ஆண் வெளியே வரும்போது கேட்டில் அம்மாவோ மனைவியோ நிற்பார்கள். பெண்ணுக்கு நிற்க ஆள் இல்லாத நாட்களே அதிகம். தங்கும் இடம் உறுதியாகாமல் வேலை தேடச் சொல்வதில் அர்த்தமில்லை. குடும்ப ஆதரவில்லாமல் சிறையில் இருந்து வரும் பெண்களையும் ஏற்கும் சக்தி சதன் இல்லங்கள் உண்டு. எந்த இல்லத்தில் இடம் இருக்கிறது என்பதை விடுதலைக்கு முன்பே சிறை நல அலுவலர் மூலம் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். இருட்டிய பிறகு ஜிஎன்டி சாலையில் பையோடு நின்று யோசிக்கும் விஷயம் இல்லை அது.

நேர்காணலில் அந்த ஒரு கேள்வி

"நடுவுல நாலு வருஷம் என்ன பண்ணீங்க?" இதற்கு மழுப்பினாலும் கெடும், முழுக் கதையையும் கொட்டினாலும் கெடும். அரை நிமிடத்துக்குள் முடிகிற பதிலை முன்கூட்டியே சொல்லிப் பழகுங்கள்: "ஒரு கேஸ்ல தண்டனை முடிச்சு மார்ச்ல வெளிய வந்தேண்ணா. உள்ள ரெண்டு வருஷம் தையல் யூனிட்ல பவர் மிஷின் ஓட்டினேன், சர்ட்டிபிகேட் இருக்கு. இப்ப எந்த வாய்தாவும் இல்ல. ஒரு வாரம் வச்சுப் பாருங்க, சரியா வந்தா சேத்துக்குங்க." வழக்கின் விவரத்தை அவர் கேட்டால் மட்டும் சொல்லுங்கள். அதிலும் எதிர்த்தரப்பைக் குறை சொல்ல ஆரம்பித்தால் கேட்பவர் முகம் மாறிவிடும்.

வேலை கொடுப்பவர்களிடமும் சில விஷயம் கேட்டுக்கொள்கிறோம். முதல் இரண்டு மாதம் வாரச் சம்பளமாகக் கொடுங்கள். மாதம் முடியும்வரை காத்திருக்கக் கையில் எதுவும் இருக்காது, தண்டல் வாங்க ஓடுவார்கள். இவரைப் பற்றித் தெரிய வேண்டியவர் சூப்பர்வைசர் ஒருவரே. பட்டறை முழுக்கத் தெரிய வேண்டியதில்லை. பட்டறையில் எதாவது காணாமல் போனால் முதல் பார்வை இவர் மேல் திரும்பும். அப்போது எல்லோரையும் கேட்பதுபோலவே இவரையும் கேளுங்கள். மற்றவர்களுக்குக் கொடுக்கும் கூலியையே இவருக்கும் கொடுங்கள். "இவன் எங்க போய் கம்ப்ளெயின்ட் பண்ணப் போறான்" என்று குறைத்துக் கொடுப்பவர்கள் உண்டு. தொழிலாளர் துறையின் கதவு இவர்களுக்கும் திறந்தே இருக்கிறது, தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் மனு கொடுக்கலாம்.

வழக்கு நிலுவையில் உள்ளவரைச் சேர்த்தால், சேர்ந்த அன்றே அவருடைய வாய்தா தேதிகளைக் கேட்டு வருகைப் பதிவேட்டின் ஓரத்தில் எழுதி வையுங்கள். அன்று விடுப்பு, சம்பளம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. முதல் நாள் சாயங்காலம் சூப்பர்வைசர் "நாளைக்கு கோர்ட் இருக்கில்ல, மறந்துடாத" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பிடிவாரண்ட் பிறக்க வழியே இல்லை.